பீலிக் கல்

நீரூற்று இல்லம்,
மொனராகலை.
22.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீங்களும் அப்பாவும் உங்கள் மகள் கம்சலாவும் சுகமாக இருக்கிறீர்களா என்று எழுதவும். அப்பாவின் கைக்கட்டு அவிழ்த்தாயிற்றா என்பதையும் மறக்காமல் எழுதவும்.

நான் இங்கே வந்து மூன்று வாரம். வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இனி ஒன்பது மாதமும் கடிதம்தான். இல்லத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் பாஸ்டர் திலீபன். "போன்ல பொய் சொல்றது லேசு. எழுதுறப்ப கை கொஞ்சம் யோசிக்கும்" என்கிறார். முதல் வாரம் நடுக்கமும் வாந்தியுமாகப் போயிற்று. இப்போது சோறு இறங்குகிறது. பகலில் ரப்பர் தோட்டத்தில் களை வெட்டுகிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

காலை ஐந்தரைக்குத் தனி ஜெபம். மற்றவர்கள் சத்தம் போட்டு ஜெபிக்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. எங்கே தொடங்கினாலும், குடித்துவிட்டு அப்பாவைத் தள்ளிவிட்டேனே, அந்த லயத்துப் படிக்கட்டில் வந்து நின்றுவிடுகிறது. பாஸ்டரிடம் சொன்னேன். வெளியே போய் இலையோ விதையோ மண்ணோ ஏதாவது ஒன்றை எடுத்து வரச் சொன்னார். "கையில ஒண்ணு இருந்தா மனசு ஒரு எடத்துல ஒக்காரும். வார்த்தை வர்றப்ப வரட்டும்" என்றார். அதைக் கும்பிடுவதற்கு இல்லையாம். கடவுள் செய்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடவுளிடம் பேசுவதாம்.

முதல் நாள் ரப்பர் இலை எடுத்தேன். பயத்தில் கசக்கித் தூளாக்கிவிட்டேன். மறுநாள் ரப்பர் கொட்டை. அது வழுக்கி விழுந்து, நான் உட்கார்ந்திருந்த வாங்குக்கு அடியில் உருண்டு போனது. அரை மணி நேரம் குனிந்து தேடினேன். அன்றைக்கு என் ஜெபம் அவ்வளவுதான்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

உங்கள் தம்பி,
சுரேஸ்


கீழ்க்கணக்கு லயம்,
லுணுகலை.
09.10.2024

தம்பி சுரேஸுக்கு,

அப்பா, கம்சலா, நான் மூவரும் நலம். உனக்கு மாரியம்மன் துணை இருப்பாள். உனக்குப் பிடிக்காவிட்டாலும் இருப்பாள்.

உன் கடிதம் தோட்ட ஆபிசில் பத்து நாள் படுத்திருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாய்க் கிடக்கிற லயத்துக்கு ஏது விலாசம்? நம் தபால் எல்லாம் ஆபிஸ் மேசைக்குத்தான் வரும், யாராவது அந்தப் பக்கம் போனால் நம் கைக்கு வரும். பிள்ளைக் காம்பராவில் கொழுந்தெடுக்கப் போனவர்களின் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு நானே போய் எடுத்து வந்தேன்.

வாசித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்த வாரம் நீ என்ன செய்தாய்? திருவிழா அன்று கோயில் வாசலில் நின்று, "கல்லைப் போயி கும்புடுறீங்களே" என்று எல்லாருக்கும் பிரசங்கம் வைத்தாய். பால்குடம் தூக்கி வந்த ரெங்கம்மா அக்கா அழுதே விட்டாள். ஆறு மாதத்தில் நீயே அந்தக் கோயில் படியில் குடித்து நிறைவெறியில் விழுந்து கிடந்தாய். இப்போது ரப்பர் கொட்டையா? நடக்கட்டும்.

அப்பாவின் கட்டு அவிழ்த்தாயிற்று. மணிக்கட்டு இனி முழுதாக மடங்காது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாற்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டிய கை. தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்குகிறார்.

உன் கடிதத்தைச் சத்தமாகத்தான் வாசித்தேன். கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து முழுவதும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. அதற்காக எழுதாமல் இருந்துவிடாதே.

அக்கா,
சிவசக்தி


நீரூற்று இல்லம்,
மொனராகலை.
24.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையால் சுகம். அப்பா, நீங்கள், கம்சலா மூவரும் நலம் என்று வாசித்துச் சந்தோஷப்பட்டேன். ரெங்கம்மா அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். நேரில் வந்தும் கேட்பேன்.

ஒரு உதவி வேண்டும். இங்கே கிரிஷாந்தன் என்று மட்டக்களப்புப் பெடியன் ஒருவன் என் பக்கத்துக் கட்டில். அவன் மனைவி கடற்கரையிலிருந்து ஒரு சிப்பி அனுப்பியிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு தினமும் காலையில் அழகாக ஜெபிக்கிறான். பொறாமையாக இருக்கிறது. இந்த ஊர் விதையும் இலையும் என்னோடு பேசுவதாயில்லை.

லயத்துக்குப் பின்னால் மலைத் தண்ணீர் கொட்டுகிறதே, நம் பீலி, அங்கிருந்து எனக்கு ஒரு கல் அனுப்புங்கள். பெரிதாக வேண்டாம், உள்ளங்கைக்குள் இருந்தால் போதும். அப்பா வேலை விட்டு வந்து கைகால் கழுவும் இடம் அது. சின்ன வயதில் என்னைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். அந்தத் தண்ணீரில் துரு. நம் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையெல்லாம் தேயிலைச் சாயம் ஏறியது போல ஆகி வாத்தியாரிடம் அடி வாங்கினோமே, நினைவிருக்கிறதா? அம்மா அந்தக் கறையைத் தேங்காய்ப் பொச்சு வைத்துத் தேய்த்தும் போகவில்லை.

மழை இல்லாத நாளாகப் பார்த்து எடுங்கள். அவசரமில்லை.

உங்கள் தம்பி,
சுரேஸ்


கீழ்க்கணக்கு லயம்,
லுணுகலை.
18.11.2024

மதிப்புக்குரிய பாஸ்டர் ஐயா அவர்களுக்கு,

நான் சுரேஸின் அக்கா சிவசக்தி. முறையாக நலம் விசாரித்துத் தொடங்க முடியாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும். இந்தக் கடிதம் சுரேஸ் கண்ணில் படக் கூடாது.

எங்கள் அப்பா அழகர் இறந்துவிட்டார்.

பீலியிலிருந்து ஒரு கல் அனுப்பச் சொல்லிச் சுரேஸ் ஒக்டோபரில் கடிதம் எழுதியிருந்தான். அது ஆபிசில் கிடந்து பன்னிரண்டாம் திகதிதான் என் கைக்கு வந்தது. மூன்று நாளாக விடாத மழை. பின்னேரம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல் கேட்டிருந்த இடம் வந்ததும் சிரித்தார். சுரேஸ் அவரைத் தள்ளிவிட்ட நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "மழை விடட்டும், நான் எடுத்து அனுப்புறேன்" என்றேன். அவர் எழுந்து உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டார். "ஒனக்கு கல்லு பாக்கத் தெரியாது. அவன் கைக்கு அடங்குற மாதிரி எடுக்கணும். நானே போறேன்" என்றார். பீலி கூப்பிடு தூரம்தான். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை.

பீலிக்கு மேலே இருந்த மண்மேடு சரிந்தது. லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலைதான் அவரை எடுக்க முடிந்தது. பதினான்காம் திகதி அடக்கம் செய்தோம். மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை நான் போட்டேன்.

இதை நீங்கள் அவனிடம் சொல்லக் கூடாது. அம்மா இறந்த அன்று குழி வெட்டிய இடத்திலேயே குடித்தான். அதற்குப் பிறகு உங்கள் சபைக்கு வந்த ஆறு மாதம் தவிர, நான்கு வருஷம் அவன் நிதானமாக இருந்து நாங்கள் பார்க்கவில்லை. தான் கேட்ட கல்லை எடுக்கப் போய் அப்பா செத்தார் என்று தெரிந்தால் உங்கள் கேற்றைத் தாண்டி நேரே சாராயக் கடைக்குத்தான் போவான். பிறகு திரும்பி வர மாட்டான். ஜூன் முதலாம் திகதி முடியும் வரை அவன் அங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அ. சிவசக்தி


நீரூற்று இல்லம்,
மொனராகலை.
26.11.2024

சகோதரி சிவசக்தி அவர்களுக்கு,

ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. கையில் எதையாவது எடுத்துக்கொள் என்று சுரேஸுக்குச் சொன்னவன் நான்தான். உங்களுக்காகவும் பிள்ளைக்காகவும் ஜெபிக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி நானாக எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் சுரேஸ் என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். இதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்து மறைக்கிறீர்கள். அப்பா இறந்தது ஒன்று, எதற்காகப் பீலிக்குப் போனார் என்பது மற்றது. முதலாவதைச் சுரேஸ் வீடு வருமுன் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது அவரை உடைக்கவும் கூடும், நிமிர்த்தவும் கூடும். அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க நான் யார்.

தபால் வரும் நேரமெல்லாம் சுரேஸ் கேற்றடியில் நிற்கிறார். ஒரு கல் அனுப்புங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
திலீபன்


கீழ்க்கணக்கு லயம்,
லுணுகலை.
04.12.2024

பாஸ்டர் ஐயாவுக்கு,

சுரேஸுக்கு எழுதிய கடிதத்தோடு கல்லையும் வைத்திருக்கிறேன். இது லுணுகலைப் பாலத்தடியில் எடுத்தது. பீலி மண்ணுக்குள் இருக்கிறது. அவனுக்குத் தெரிய வேண்டாம்.

சிவசக்தி


கீழ்க்கணக்கு லயம்,
லுணுகலை.
04.12.2024

தம்பி சுரேஸுக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ கேட்ட கல் இத்துடன் வருகிறது. உன் கைக்கு அளவாக இருக்கும் என்று நினைக்கிறேன். ரெங்கம்மா அக்காவிடம் சொன்னேன். "அவனா கேட்டான்?" என்று இரண்டு தடவை விசாரித்தாள். கம்சலாவுக்குப் பரீட்சை முடிந்தது. பிள்ளைக் காம்பராவில் எட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், எனக்கு எழுத நேரமில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா,
சிவசக்தி


நீரூற்று இல்லம்,
மொனராகலை.
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நத்தார் வாழ்த்துச் சொன்னால் முறைப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

கல் வந்தது. வந்த அன்றே பொச்சு போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நல்ல வெள்ளைக் கல். கைக்குள் சரியாக அடங்குகிறது.

முதல் நாள் ஜெபத்தில், "ஆண்டவரே, இது கல், நான் சுரேஸ்" என்றேன். அதற்கு மேல் ஓடவில்லை. பாஸ்டர் அது போதும் என்றார். இரண்டாம் வாரம் கொஞ்சம் கூடச் சொன்னேன். எடுக்கும்போது குளிர்ந்திருக்கிறது, ஜெபம் முடியும்போது என் கைச்சூடு அதில் ஏறியிருக்கிறது. அதை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். என்ன சொல்லி ஜெபிக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. தனியாக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள்.

உங்கள் தம்பி,
சுரேஸ்


நீரூற்று இல்லம்,
மொனராகலை.
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பொங்கல் வந்து போய்விட்டது, உங்கள் கடிதம் வரவில்லை. ஆபிஸ் மேசையில் படுத்திருக்கிறதோ என்னவோ.

ஆறு மாதம் முடிந்ததும் வீட்டார் வந்து பார்க்கலாம் என்கிறார்கள். மார்ச்சில் வர முடியுமா? வராவிட்டாலும் பரவாயில்லை. கிரிஷாந்தன் போன வாரம் வேலி பாய்ந்து ஓடிவிட்டான். சிப்பி அவன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து என் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையில் இரண்டையும் பிடிக்கிறேன்.

நான் வேலி பாயவில்லை.

சுரேஸ்


கீழ்க்கணக்கு லயம்,
லுணுகலை.
09.03.2025

தம்பி சுரேஸுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பிந்தி எழுதுகிறேன், கோபிக்காதே. லீவு இல்லை, வர முடியாது. லயத்துக்குப் புதுத் தகரம் போடுகிறார்கள். நம் வீட்டுப் பக்கம் இன்னும் வரவில்லை. கம்சலா பாஸாகிவிட்டாள், கணக்கில் மட்டும் சாதாரணம். கொழுந்து குறைவு. ரெங்கம்மா அக்காவின் ஆடு இரண்டு குட்டி போட்டது.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

சிவசக்தி


நீரூற்று இல்லம்,
மொனராகலை.
04.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். எட்டு மாதம் ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மீதியை எழுதுகிறேன், அப்போதுதான் நீங்கள் பயப்படாமல் வாசிப்பீர்கள்.

அப்பா இல்லை, அப்படித்தானே?

ஒக்டோபர்க் கடிதத்தில் "அப்பா, கம்சலா, நான் மூவரும் நலம்" என்று எழுதினீர்கள். டிசம்பரிலிருந்து "நாங்கள் நலம்". மார்ச்சில் ரெங்கம்மா அக்காவின் ஆடு வரைக்கும் எழுதிவிட்டு அப்பாவை எழுதவில்லை. அதற்கு முன்பே கல் வந்த அன்று எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. பொச்சு போட்டதும் அது வெள்ளையாகிவிட்டது. நம் பீலியில் கிடந்த கல் எதுவும் வெள்ளையாகாது. பீலிக்குப் போக உங்களால் முடியவில்லை, ஏன் என்றும் சொல்ல முடியவில்லை. அந்த மாதம் அடித்த மழை எனக்கும் தெரியும்.

பாஸ்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுகிற ஆள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் கிரிஷாந்தனுக்கு முன் நான் வேலி பாய்ந்திருப்பேன். தெரிந்தும் தெரியாமலும் இருந்துகொண்டேன். அந்தக் கல்லைத்தான் தினமும் பிடித்தேன். எந்த ஆற்றில் எடுத்தீர்களோ, அதையும் அதே கடவுள்தான் செய்தார். "அக்கா என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பதை நீர் பார்த்துக்கொள்ளும்" என்பதுதான் டிசம்பரிலிருந்து என் ஜெபம்.

ஒன்றை மட்டும் எவ்வளவு பிடித்தும் சொல்ல வரவில்லை. அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார். அந்தப் படிக்கட்டில் விழுந்து கிடந்து என்னைப் பார்த்த பார்வைதான் கடைசி. இதை எந்தக் கல்லிடம் கொண்டுபோவது?

ஜூன் முதலாம் திகதி விடுகிறார்கள். வீட்டுக்கு வரலாமா என்று எழுதுங்கள். வர வேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
சுரேஸ்


கீழ்க்கணக்கு லயம்,
லுணுகலை.
20.05.2025

என் தம்பி சுரேஸுக்கு,

கம்சலாவும் நானும் நலம். அப்பா நவம்பர் பன்னிரண்டாம் திகதி பின்னேரம் இறந்தார். பீலிக்கு மேலே மண் சரிந்தது. உன் கடிதம் ஆபிசில் ஒரே ஒரு நாள்தான் கிடந்தது, இம்முறை நானே தினமும் போய்ப் பார்த்தேன். பதில் எழுதத்தான் இத்தனை நாள் பிடித்தது.

நீ குடித்துவிடுவாய் என்று பயந்துதான் மறைத்தேன் என்று பாஸ்டருக்கு எழுதினேன். அது பாதிதான். மீதிப் பாதி, அவர் கையை உடைத்தவன் அவர் குழியில் மண் போடக் கூடாது என்று நினைத்தேன். நானே போட்டேன். போட்ட பிறகு மனசு ஆறவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்கு இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை உண்மை. டிசம்பரில் எழுதியது பொய்.

நீ கல் கேட்ட கடிதத்தை வாசித்ததும் சிரித்தார். மழை விடட்டும், நான் எடுக்கிறேன் என்றேன். "ஒனக்கு கல்லு பாக்கத் தெரியாது. அவன் கைக்கு அடங்குற மாதிரி எடுக்கணும். நானே போறேன்" என்று சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். உன்னைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நீ கேட்டதால்தான் போனார் என்று உனக்குத் தோன்றும். நான் தடுக்காததால் போனார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் அந்தக் கடிதம் ஆபிசில் கிடந்திராவிட்டால் நல்ல வெயிலில் போய் எடுத்து வந்திருப்பார். இதையெல்லாம் ஆறு மாதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன், முடிவு கிடைக்கவில்லை. உனக்காக ஆசையாகப் போனார் என்பதையும் சேர்த்து நினை. அதை உனக்குத் தராமல் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை, பாஸ்டரிடமும் சொல்லவில்லை. அவரை எடுத்துக் குளிப்பாட்டியபோது சாரத்து மடியில் ஒரு கல் இருந்தது. முடிந்து கட்டியிருந்தார். உனக்கு அனுப்பவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. சாமித் தட்டில் வைத்திருக்கிறேன். எனக்கு உன்னைப் போல ஜெபிக்கத் தெரியாது. வேலைக்குப் போகுமுன் கொஞ்ச நேரம் கையில் பிடித்திருப்பேன், பிறகு வைத்துவிடுவேன். அவ்வளவுதான்.

ஜூன் முதலாம் திகதி லுணுகலை பஸ்ஸில் ஏறு. நான் சந்தியில் நிற்பேன். அப்பாவின் தலைமாட்டில் இன்னும் ஒன்றும் நடவில்லை. பாலத்தடிக் கல்லைக் கொண்டு வா, அங்கே வைக்கலாம். பீலிக் கல் உன்னுடையது. அதற்கு நான் பொட்டு வைத்துவிட்டேன், கோபப்படாதே, எனக்கு வேறு வழி தெரியவில்லை. வந்ததும் கழுவி எடுத்துக்கொள். குங்குமம் போய்விடும். துருக்கறை போகாது.

உன் அக்கா,
சிவசக்தி